வியாழனை எடைபோட்ட நிலவுகள்

வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு நிறை கொண்டது. பாடநூல்களிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் இந்த எண் தவறாமல் இருக்கும். அது எப்படிக் கிடைத்தது என்பது பெரும்பாலும் இருக்காது. சூரியனிலிருந்து சுமார் 78 கோடி கி.மீ. தொலைவில் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் உருண்டையை எந்தத் தராசில் ஏற்றினார்கள்? கேட்கத் தோன்ற வேண்டிய கேள்விதான். கேட்டவர்களுக்கு ஒரு நிலவின் ஓட்டத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

கெப்ளர் கண்டு நியூட்டன் விளக்கிய விதி ஒன்று போதும். ஒன்றைச் சுற்றிவரும் பொருளின் தொலைவை மும்மடியாக்கி, அது ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலத்தின் இருமடியால் வகுத்தால், நடுவில் இருப்பதன் நிறைக்கு நேர்விகிதமான ஓர் அளவு வரும். நம் நிலவு 3,84,400 கி.மீ. தொலைவில் 27.3 நாளுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. வியாழனின் அயோ என்ற நிலவு 4,21,700 கி.மீ. தொலைவில் இருந்தும் 1.77 நாளில் சுற்றை முடித்துவிடுகிறது. தொலைவுகளின் விகிதத்தை மும்மடியாக்கினால் 1.32, காலங்களின் விகிதத்தை இருமடியாக்கினால் 238. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 315. நம் நிலவுக்கும் நிறை உண்டு, பூமியில் எண்பத்தொன்றில் ஒரு பங்கு. அதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு 318ஐ ஒட்டி வந்து நிற்கும். காகிதமும் பேனாவும் இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவர் செய்துவிடலாம்.

வியாழனின் சொந்த ஓட்டம் மட்டும் தெரிந்திருந்தால் இது நடக்காது. அந்த ஓட்டம் நம்மவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். பன்னிரண்டு ராசிகளையும் சுற்ற அதற்கு 11.86 ஆண்டு. ஆண்டுதோறும் வரும் குருப்பெயர்ச்சியும், குரு சிம்மத்தில் நிற்கையில் கும்பகோணத்தில் நடக்கும் மகாமகமும் அந்தக் கணக்கில் வந்தவை. 1992, 2004, 2016 எனப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் விழா வந்தாலும், 12க்கும் 11.86க்கும் உள்ள சிறு வித்தியாசம் ஏழு சுற்றில் ஓராண்டாகத் திரண்டுவிடும். ஆனால் எத்தனை மகாமகங்களைத் துல்லியமாகக் குறித்து வைத்தாலும் அதிலிருந்து கிடைப்பது சூரியனின் நிறைதான். சுற்றும் பொருள் தன் நிறையைச் சொல்லாது. எதைச் சுற்றுகிறதோ அதன் நிறையைத்தான் சொல்லும்.

வியாழனைப் பற்றி நமக்குத் தெரிந்த அடிப்படைகளில் பலவும் வியாழனைப் பார்த்துக் கிடைத்தவை அல்ல, அதைச் சுற்றுபவற்றைப் பார்த்துக் கிடைத்தவை என்பது என் வாதம். கால்வைக்கத் தரையில்லாத, மேகக் கூரையைத் தவிர வேறெதையும் காட்டாத ஒரு கோளிடம் வேறு எப்படித்தான் விசாரிப்பது?

நான்கு புள்ளிகள்

1610 ஜனவரி 7 இரவு, பாதுவா நகரில் கலீலியோ தன் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். அதன் அருகே ஒரே கோட்டில் மூன்று சிறு நட்சத்திரங்கள்: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. ஜனவரி 13இல் நான்காவதும் தெரிந்தது. இவை வியாழனைச் சுற்றுகின்றன என்ற முடிவுக்கு வர அவருக்கு அதிக நாள் ஆகவில்லை. மார்ச் மாதமே புத்தகம் வெளிவந்துவிட்டது. புள்ளிகளுக்கு மெடிச்சி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். புரவலரைத் தேடும் அறிஞருக்கு அது நல்ல முதலீடு. அவ்வாண்டே பிளாரன்ஸ் அரசவையில் பதவி கிடைத்தது.

இன்று நாம் சொல்லும் அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ என்ற பெயர்கள் ஜெர்மானிய வானியலாளர் சைமன் மாரியஸ் 1614இல் வெளியிட்ட நூலில் வந்தவை. யோசனை கெப்ளருடையது என்று மாரியஸே எழுதியிருக்கிறார். அவரும் அதே நாட்களில் தனியாக அந்த நிலவுகளைக் கண்டவர். கலீலியோ அவரைத் திருடன் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் மாரியஸின் கணக்குகளைச் சரிபார்த்து அவர் சுயமாகக் கண்டார் என்றே முடிவுசெய்தார்கள். பெயர்ப் போட்டியில் கலீலியோ தோற்றது எனக்கு ஒருவிதத்தில் நியாயமாகவே படுகிறது.

புள்ளிகள் எனத் தெரிந்தவை உண்மையில் சிறியவை அல்ல. கானிமீடின் விட்டம் 5,268 கி.மீ., புதன் கோளைவிடப் பெரிது. காலிஸ்டோ புதனுக்குச் சற்றே குறைவு. அயோ நம் நிலவைவிடக் கொஞ்சம் பெரிது, யூரோப்பா கொஞ்சம் சிறிது.

நியூட்டன் காலத்தில் இந்த நான்கின் ஓட்டங்களும் நன்றாகத் தெரிந்திருந்தன. 1726இல் வந்த ‘பிரின்சிப்பியா’ மூன்றாம் பதிப்பில் சூரியன் வியாழனைப்போல் 1,067 மடங்கு நிறையுள்ளது என்று கணக்கிட்டிருந்தார். இன்றைய எண் 1,047. இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும் பிழை. இந்த எண்ணோடு வியாழனின் பருமனையும் சேர்த்துப் பார்த்தபோது அடுத்த உண்மை வெளிவந்தது. வியாழனுக்குள் 1,300க்கும் மேற்பட்ட பூமிகளை அடைக்கலாம், நிறையோ 318 பூமிதான். அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம்; பூமியில் அது 5.5. பாறையாலும் இரும்பாலும் ஆன கோளுக்கு இந்த அடர்த்தி வராது. அதைப் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் நிரப்பியிருக்கின்றன என்ற இன்றைய அறிவுக்கு முதல் துப்பு கொடுத்தவையும் நிலவுகள்தாம். இவ்வளவு இலேசான பொருளால் ஆகியும், மற்ற ஏழு கோள்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் வியாழனின் நிறையில் பாதிகூடத் தேறாது.

வானத்துக் கடிகாரம்

நிலவுகள் வியாழனின் நிழலுக்குள் நுழைவதும் வெளிவருவதும் ஒழுங்காக நடக்கும் கிரகணங்கள். அயோவுக்கு அது 42 மணி 28 நிமிடத்துக்கு ஒருமுறை. உலகின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கிரகணம் ஒரே கணத்தில்தான் நிகழும். உள்ளூர் நேரம்தான் இடத்துக்கு இடம் மாறும். அந்த நேர வித்தியாசம்தான் தீர்க்கரேகை வித்தியாசம். நம்பகமான கடிகாரத்தைக் கடல் கடந்து கொண்டுபோக வழியில்லாத காலத்தில் இது பெரிய கொடை. ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியில் அயோவைப் பிடிக்க முடியாது என்பதால் மாலுமிகளுக்கு உதவவில்லை. தரையில் வரைபடம் வரைபவர்களுக்கு உதவியது. 1668இல் வானியலாளர் கசினி கிரகண அட்டவணைகளை வெளியிட்டார். அந்த முறையில் பிரான்சின் கடற்கரையைத் திரும்ப அளந்தபோது நாடு எண்ணியிருந்ததைவிடச் சிறியதாகிவிட்டது. எதிரிகளிடம் இழந்ததைவிட வானியலாளர்களிடம் அதிக நிலத்தை இழந்தேன் என்று பதினான்காம் லூயி அலுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தன் செலவில் வைத்திருந்த ஆய்வகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய், 1792இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகமாக எழுந்தது. அங்கே ஜான் கோல்டிங்காம் ஆண்டுக்கணக்கில் வியாழ நிலவுகளின் கிரகணங்களைக் குறித்துவைத்து நகரின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். 1802இல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் தொடங்கி, பின்னர் இமயம்வரை நீண்ட நில அளவைக்கு இந்த வானாய்வகமே தொடக்கப் புள்ளி. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அன்றைய தீர்க்கரேகைக்கும் இன்றையதற்கும் சில கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. காரணம் கவனக்குறைவு அல்ல. நிலவு நிழலுக்குள் சட்டென்று மறையாது, மெல்ல மங்கும். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர் கண்ணுக்குச் சில நொடி கூடுதலாகத் தெரியும். நான்கு நொடி பிசகினால் வரைபடத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

இந்தக் கடிகாரம் பாரிசில் ஒருமுறை ‘தவறாக’ ஓடியது. அதிலிருந்து கிடைத்தது தீர்க்கரேகையைவிடப் பெரியது. பூமி வியாழனைவிட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அயோவின் கிரகணங்கள் அட்டவணைக்குப் பிந்தின; நெருங்கும் மாதங்களில் முந்தின. ஒளி வந்துசேர நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்றார் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ரோமர். 1676 நவம்பர் 9ஆம் தேதி கிரகணம் பத்து நிமிடம் பிந்தும் என்று அறிவியல் கழகத்தில் முன்கூட்டியே சொன்னார். பிந்தியது. பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. சரியான விடை 16 நிமிடம் 40 நொடியை ஒட்டியது. எண்ணில் பிழை இருந்தாலும் ஒளிக்கு வேகம் உண்டு என்று முதலில் காட்டியவர் அவரே. அட்டவணை தயாரித்த கசினியே இதை ஏற்கவில்லை. 1728இல் ஜேம்ஸ் பிராட்லி நட்சத்திரங்களை வைத்து வேறு வழியில் நிறுவும்வரை சந்தேகம் நீடித்தது.

மூன்று நாள் முந்திய கணிப்பு

அயோ நான்கு முறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு முறையும் கானிமீடு ஒரு முறையும் வியாழனைச் சுற்றுகின்றன. இந்த ஒத்திசைவுக்குக் கணிதவியலாளர் லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே கணித விளக்கம் கொடுத்துவிட்டார். ஆனால் அதன் விளைவு புலப்பட இருநூறு ஆண்டு ஆனது. யூரோப்பாவும் கானிமீடும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுப்பதால் அயோவின் பாதை ஒருபோதும் முழு வட்டமாக அடங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனை நெருங்கியும் விலகியும் போகிறது. அந்த வித்தியாசம் ஏறத்தாழ 3,400 கி.மீ. நெருங்கும்போது வியாழனின் ஈர்ப்பு அதை நீள இழுக்கும், விலகும்போது தளரவிடும். தரையே நூறு மீட்டர்வரை ஏறி இறங்கலாம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைவிடம் சூடேறுவதுபோல் அயோவின் உட்பகுதி சூடேறும்.

ஸ்டான்டன் பீல், பேட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவரும் இதைக் கணக்கிட்டு, அயோவின் உட்பகுதி பெருமளவு உருகியிருக்கக்கூடும் என்று எழுதிய கட்டுரை ‘சயன்ஸ்’ இதழில் 1979 மார்ச் 2ஆம் தேதி வெளியானது. வாயேஜர் 1 விண்கலம் மார்ச் 5ஆம் தேதி அயோவைக் கடந்தது. எரிகல் விழுந்த பள்ளங்களை எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு பள்ளமும் தெரியவில்லை. மஞ்சளும் செம்மையும் கறுப்புமாகப் புதிதாகப் பூசிய தரைதான் தெரிந்தது. மார்ச் 8ஆம் தேதி எடுத்த ஒரு படத்தை விண்கலத்தின் பாதையைச் சரிபார்க்கும் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ ஆராய்ந்துகொண்டிருந்தார். பின்னணி நட்சத்திரங்களைத் தேடுவதற்காக வெளிச்சத்தைக் கூட்டியபோது, அயோவின் விளிம்பில் குடைபோல் விரிந்த ஏதோ ஒன்று நின்றது. ஏறத்தாழ 300 கி.மீ. உயரத்துக்கு எழும்பிய எரிமலைச் சீற்றம் அது. பூமிக்கு வெளியே ஓர் எரிமலை வெடிப்பதை மனிதர் பார்த்தது அதுவே முதல் முறை. கோட்பாடு இத்தனை சீக்கிரம் நிரூபணமாவதை அறிவியல் வரலாற்றில் அதிகம் பார்க்க முடியாது.

அயோவில் இன்று 400க்கும் மேற்பட்ட எரிமலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பூமியின் உள்வெப்பம் சதுர மீட்டருக்கு 0.1 வாட்டுக்கும் குறைவாக வெளியேறுகிறது. அயோவில் 2 வாட்டுக்கு மேல். அடியில் நிலவு முழுக்கப் பரந்த பாறைக்குழம்புக் கடல் இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஜூனோ விண்கலம் 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் சுமார் 1,500 கி.மீ. நெருக்கத்தில் பறந்து எடுத்த ஈர்ப்பு அளவைகள் இல்லை என்று பதில் தந்தன. குறைந்தபட்சம் ஆழமற்ற கடல் கிடையாது; வியாழனின் ஏறியிறங்கும் இழுப்பான ஓத விசைக்கு அயோ வளைந்துகொடுக்கும் அளவு அதற்குப் போதவில்லை.

இந்த வெப்பத்துக்கான செலவு யாருடையது? கடைசியில் வியாழனின் சுழற்சியிலிருந்துதான் அது வருகிறது. வியாழன் அயோவை இழுப்பதுபோல் அயோவும் வியாழனில் ஓர் ஓதப் புடைப்பை எழுப்புகிறது. கோள் பத்து மணி நேரத்துக்குள் சுழன்றுவிடுவதால் புடைப்பு நிலவுக்குச் சற்று முன்னால் போய் நின்று அதை முன்னே இழுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை அளக்க வலேரி லெய்னியும் கூட்டாளிகளும் 1891 முதல் 2007 வரை நான்கு நிலவுகளின் இடங்களைக் குறித்த அவதானிப்புகளைத் திரட்டினார்கள். முடிவு 2009இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது: அயோ இப்போது மெல்ல உள்நோக்கி நகர்கிறது, யூரோப்பாவும் கானிமீடும் வெளிநோக்கி. இந்த நகர்விலிருந்து அயோ எவ்வளவு வெப்பத்தை உண்கிறது என்பதோடு, வியாழனின் உடல் ஓத ஆற்றலை எவ்வளவு விழுங்குகிறது என்பதும் தெரிந்தது. யாரும் எட்ட முடியாத ஆழத்தைப் பற்றிய தகவல் அது. கண்ணாடித் தட்டுகளில் பதிந்த பழைய புள்ளிகளும் அதில் உதவின.

அயோவின் எரிமலைப் பொருள் அங்கேயே தங்குவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் கந்தகமும் ஆக்சிஜனும் தப்பிப்போய், மின்னூட்டம் பெற்று, வியாழனைச் சுற்றி ஒரு வளையமாகத் திரள்கின்றன. 1955இல் பெர்னார்ட் பர்க், கென்னத் பிராங்ளின் இருவரும் வாஷிங்டன் அருகே 22 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விட்டுவிட்டு வரும் ஓர் இரைச்சலைப் பிடித்தார்கள்; அது வியாழனிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1964இல் ஆஸ்திரேலியாவின் பிக் என்ற ஆய்வாளர், அந்த இரைச்சல் அயோ தன் பாதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எழுகிறது என்று காட்டினார். எந்த விண்கலமும் போகுமுன்பே வியாழனுக்குப் பிரம்மாண்டமான காந்தப்புலம் உண்டென்பது இப்படித் தெரியவந்தது. அயோவிலிருந்து காந்தக் கோடுகள் வழியே இறங்கும் மின்னோட்டம் வியாழனின் துருவ ஒளியில் ஒரு தனிப் பொட்டாக எரிகிறது. யூரோப்பாவுக்கும் கானிமீடுக்கும் அங்கே தனித்தனிப் பொட்டுகள் உண்டு.

உள்ளே

வியாழன் முழு உருண்டை அல்ல. வேகமாகச் சுழல்வதால் நடுவில் புடைத்து, துருவங்களில் அமுங்கியிருக்கிறது. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 4,600 கி.மீ.க்கும் கூடுதல். 1892இல் எட்வர்ட் பர்னார்ட் லிக் வானாய்வகத்தில் அமால்தியா என்ற சிறு நிலவைக் கண்டார். படத்தட்டின் துணையின்றிக் கண்ணால் கண்ட கடைசி வியாழ நிலவு. அது கோளுக்கு மிக அருகில் ஓடுவதால் கோளின் புடைப்பு அதன் நீள்வட்டப் பாதையையே திருப்பிவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டரைச் சுற்று அளவுக்கு. நடுவில் நிறை எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை அந்தத் திருப்பத்திலிருந்து கணக்கிட முடிந்தது.

2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ செய்வதும் அதே வேலைதான். மேகத்துக்கு மேல் 5,000 கி.மீ.க்கும் குறைவான உயரத்தில் பாய்ந்து கடக்கும்போது, அது அனுப்பும் ரேடியோ அலையின் அலைவெண் மிகச் சிறிதாக ஏறி இறங்கும். அதிலிருந்து வேகமும், வேகத்திலிருந்து ஈர்ப்பும், ஈர்ப்பிலிருந்து கீழே நிறை பரவியிருக்கும் விதமும் தெரியும். ஜூனோ நாம் செய்து அனுப்பிய ஒரு நிலவு. அதன் அளவைகள் இரண்டு பழைய எண்ணங்களைக் கலைத்தன. கிழக்கு மேற்காக ஓடும் பட்டைக் காற்றுகள் மேகத் தோலோடு நிற்கவில்லை, சுமார் 3,000 கி.மீ. ஆழம்வரை போகின்றன. நடுவில் கெட்டியான, விளிம்பு தெளிந்த ஒரு பாறைக் கரு இருக்கிறது என்ற பாடநூல் படமும் சரியில்லை; கனமான தனிமங்கள் ஹைட்ரஜனோடு கலந்து கோளின் ஆரத்தில் பெரும்பங்குக்குக் கரைந்து பரவியிருக்கின்றன. இளமையில் பெரிய மோதல் ஒன்று கருவைக் கலைத்ததா, பிறந்ததே அப்படித்தானா என்ற வழக்கு முடியவில்லை. அந்தக் கலங்கிய கருவுக்கும் மேகத்துக்கும் இடையே, அழுத்தத்தால் உலோகம்போல் மின்சாரம் கடத்தும் ஹைட்ரஜன் இருக்கிறது. அப்படி ஒரு நிலை சாத்தியம் என்று விக்னரும் ஹன்டிங்டனும் 1935இலேயே கணித்திருந்தார்கள். வியாழனின் காந்தப்புலம் அங்கேதான் பிறக்கிறது.

என் வாதத்துக்கு எல்லையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. வியாழன் எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்வியில் நிலவுகள் ஒரு கட்டத்துக்கு மேல் ஊமை. மீத்தேனும் அம்மோனியாவும் அங்கே இருப்பதை 1930களில் ரூபர்ட் வில்ட் நிறமாலையில் கண்டார். 1995 டிசம்பர் 7இல் கலீலியோ என்ற விண்கலத்திலிருந்து பிரிந்த ஆய்கூடு நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் விழுந்து, பூமியின் காற்றழுத்தத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெப்பத்தில் அடங்கும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தகவல் அனுப்பியது. ஹீலியம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு. நியான் மிகக் குறைவு. உள்ளே ஹீலியம் துளிகளாகப் பிரிந்து, நியானையும் கரைத்துக்கொண்டு மழையாக இறங்குகிறது என்பதே இதற்கு இன்றுள்ள சிறந்த விளக்கம். தண்ணீரும் மிகக் குறைவாகவே கிடைத்தது. ஆனால் அந்த ஆய்கூடு விழுந்த இடம் கோளின் வறண்ட பகுதிகளில் ஒன்று. ஒரே ஒரு கிணற்றைத் தோண்டி மாவட்டத்தின் நீர்வளத்தைச் சொல்ல முடியாது. 2020இல் ஜூனோவின் நுண்ணலை அளவைகள் நடுக்கோட்டுப் பகுதியில் சூரியனின் விகிதத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு தண்ணீருக்கு வாய்ப்பிருப்பதாகக் காட்டின.

பெருஞ்செம்புள்ளியும் நிலவுகள் சொல்லாத செய்திதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 40,000 கி.மீ. நீளமிருந்த அந்தச் சூறாவளி இன்று 16,000 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அதன் ஆழம் 500 கி.மீ.க்குள் என்று சொன்னது மறுபடியும் ஜூனோவின் ஈர்ப்புக் கணக்கு.

இப்போது கோள்தான் கருவி

கடந்த முப்பது ஆண்டுகளில் ஆய்வின் திசை மாறிவிட்டது. வியாழனை அறிய நிலவுகளைப் பார்த்த காலம் போய், நிலவுகளை அறிய வியாழனைப் பயன்படுத்துகிறார்கள். வியாழனின் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் யூரோப்பாவைக் கடக்கும் காந்தப்புலம் பதினோரு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறி மாறி வரும். உப்பு நீர்போல் மின்சாரம் கடத்தும் ஏதாவது பனிக்கு அடியில் இருந்தால், அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு எதிர்ப்புலம் ஒன்று எழவேண்டும். கலீலியோ கலத்தின் காந்தமானி அந்த எதிர்ப்புலத்தைக் கண்டது. 2000 ஜனவரி 3ஆம் தேதி, வியாழப் புலம் முன்பு பார்த்ததற்கு எதிர்த்திசையில் இருக்கும் நேரம் பார்த்துக் கலம் யூரோப்பாவைக் கடந்தபோது, தூண்டப்பட்ட புலமும் திசை மாறியிருந்தது. மார்கரெட் கிவல்சன் தலைமையிலான குழுவின் இந்தச் சான்றுதான் யூரோப்பாவின் கடலுக்கு இன்றுவரை மிக வலுவான ஆதாரம். பூமியின் எல்லாக் கடல்களையும்போல் இருமடங்கு நீர் அங்கே இருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்தக் கடலுக்குப் பூமியின் நுண்ணுயிர் ஏதும் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே, எரிபொருள் தீரும் தறுவாயில் 2003 செப்டம்பர் 21இல் கலீலியோ கலத்தை வியாழனுக்குள் இறக்கி எரித்தார்கள்.

கானிமீடின் கதையில் காவலூர் வருகிறது. 1972 ஜூன் 7ஆம் தேதி கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும், இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அந்த மறைப்பைப் பதிவுசெய்தார்கள். இரண்டு இடங்களின் நேரக் கணக்கிலிருந்து கானிமீடின் விட்டம் 5,270 கி.மீ. எனக் கிடைத்தது, விண்கலம் பின்னால் அளந்ததற்கு இரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். நட்சத்திர ஒளி சட்டென்று அறுபடாமல் சிறிது தயங்கி மறைந்ததால், அங்கே மெல்லிய காற்றுமண்டலம் உண்டென்றும் முடிவுசெய்தார்கள். 1979இல் வாயேஜர் பார்த்தபோது அவர்கள் சொன்ன அழுத்தத்தில் ஒரு சிறு துளிகூட இல்லை. பின்னர் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி ஆக்சிஜனின் மங்கிய ஒளிர்வைக் கண்டது. காவலூர்க் குழு காற்று உண்டென்று சொன்னதும் சரி, எவ்வளவு என்று சொன்னது தவறு. இதைச் சாதனை என்று மட்டும் எழுதுபவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

சொந்தக் காந்தப்புலம் கொண்ட ஒரே நிலவு கானிமீடு என்பது 1996இல் தெரிந்தது. அதன் துருவ ஒளி வியாழப் புலத்தின் இழுப்பில் 6 பாகை ஆடியிருக்க வேண்டும். ஹப்பிள் கண்டது 2 பாகை ஆட்டம். ஆட்டத்தை அமர்த்துவது அடியில் உள்ள உப்புக் கடல் என்பது 2015இல் வந்த விளக்கம். காலிஸ்டோ லாப்லாஸின் ஒத்திசைவில் சேராதது. ஓத வெப்பம் குறைவு என்பதால் கோடிக்கணக்கான ஆண்டுகளின் பள்ளங்களை அழியாமல் சுமந்துகொண்டிருக்கிறது.

மற்ற நிலவுகள்? 2023இல் எண்ணிக்கை 95ஐ எட்டியது. சனி 2025இல் 274 என்று முந்திவிட்டது. செய்தித்தாள்கள் இதை ஓட்டப்பந்தயமாக எழுதுகின்றன. எண்ணிக்கை தொலைநோக்கியின் கூர்மையைத்தான் காட்டுகிறது. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அளவுள்ள, வியாழன் பிடித்துவைத்துக்கொண்ட அல்லது உடைந்து சிதறிய துண்டுகள். பல கோளின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் ஓடுகின்றன. அவற்றின் குடும்பப் பிரிவுகளில் ஆர்வத்துக்குரியவை உண்டு, ஆனால் கணக்கெடுப்பில் இல்லை.

இப்போது இரண்டு கலங்கள் வழியில் இருக்கின்றன. 2024 அக்டோபர் 14இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடைந்து, யூரோப்பாவை 49 முறை நெருங்கிக் கடக்கும். 2023 ஏப்ரல் 14இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஜூஸ் 2031 ஜூலையில் சேரும். 2034 டிசம்பரில் கானிமீடைச் சுற்றத் தொடங்கும். நம் நிலவைத் தவிர வேறொரு நிலவை ஒரு கலம் சுற்றப்போவது அதுவே முதல் முறை. வியாழனின் இழுப்பில் கானிமீடின் பனித்தரை வாரம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. அடியில் கடல் இருந்தால் அந்த ஏற்றம் ஏழு மீட்டர் அளவில் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு மீட்டரைத் தொடாது. எது என்று அளக்க ஜூஸில் ஒரு லேசர் உயரமானி போகிறது.